தாத்தாவின் புல்லட்டும் லைசன்ஸ் ராஜ்ஜியமும்

1974ல தயாரான ஒரு மோட்டார் சைக்கிளுக்கு பிஸ்டன் செட் வேணும்னு திருச்சி பாலக்கரைப் பக்கம் ஒரு ஸ்பேர்ஸ் கடையில போய்க் கேட்டேன். கடைக்காரர் கணக்கு நோட்டுல இருந்து தலையைக்கூட நிமிர்த்தலை. "ஸ்டாண்டர்டா, ஓவர்சைஸா தம்பி? எத்தனை தௌ?" அவ்வளவுதான் கேள்வி. (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சிலிண்டரை எவ்வளவு கடைஞ்சிருக்கோமோ அதுக்குத் தகுந்த சைஸ்ல பிஸ்டன் வாங்கணும்.) ரெண்டு நிமிஷத்துல பரண்ல இருந்து ஒரு அட்டைப் பெட்டி இறங்கிடுச்சு.

அதே வாரம் நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல வாங்கின லேப்டாப்புக்கு ஒரு பேட்டரி தேடிக்கிட்டு இருந்தேன். "அந்த மாடலே நிறுத்திட்டாங்க சார், புதுசு வாங்கிக்குங்க"ன்னு பதில். ஆறே வயசு அதுக்கு!

ஆறு வயசுப் பொருளுக்கு உதிரிப் பாகம் இல்லை, ஐம்பது வயசு தாண்டின வண்டிக்கு இருக்கு. இது எப்படின்னு தோண்டப் போய்த்தான் இந்தப் பதிவு. பாதி வரலாறு, பாதி கிரீஸ். பொறுத்துக்கோங்க :-)

வண்டி, அப்பாவோட அப்பா வச்சிருந்த 350 சிசி என்ஃபீல்டு புல்லட். லால்குடி பக்கம் எங்க ஊர். தாத்தாவுக்கு வாழை விவசாயம். 1979ல ஒரு டாக்டர்கிட்ட இருந்து செகண்ட்ஹேண்டா வாங்கி, முப்பது வருஷம் திருச்சி காந்தி மார்க்கெட் வாழைக்காய் மண்டிக்குப் போக வர அதைத்தான் ஓட்டினார். 2009ல அவர் போனதும் வண்டி மாட்டுக் கொட்டகை ஓரத்துல நின்னுடுச்சு. மேல சாக்கு, சாக்கு மேல கோழி.

சித்தப்பா கொட்டகையைப் பிரிச்சு ரெண்டு ரூம் எடுக்கணும்னு முடிவு பண்ணினப்பதான் பிரச்சினை. பழைய இரும்புக்காரரை வரச் சொல்லிட்டார். வண்டி ஏறக்குறைய 163 கிலோ. கிலோ 30 ரூபாய்னு போட்டாலும் 5,000 தேறாது. சித்தப்பாவையும் குத்தம் சொல்ல முடியாது, அவர் கண்ணுக்கு அது இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிற துருப்பிடிச்ச இரும்பு. அப்பாயி மட்டும் ஒண்ணும் பேசலை. ஆனா இரும்புக்காரர் வந்த அன்னிக்கு, ஆர்.சி. புக்கை எங்க வச்சேன்னே ஞாபகம் இல்லைன்னு சொல்லி ஆளைத் திருப்பி அனுப்பிட்டாங்க. புக் அவங்க டிரங்குப் பெட்டியில பட்டுப்புடவைக்கு அடியிலதான் இருந்துச்சு!

கடைசியில ஒப்பந்தம் இதுதான்: பொங்கலுக்குள்ள வண்டி ஓடணும். செலவு என்னோடது. ஓடலைன்னா இரும்புக்கடை. வீட்டுக்கடன் தவணை போக என் கையில இருந்தது 35,000 ரூபாய். விண்டேஜ் பைக்கை முழுசா புதுப்பிச்சுத் தர்றவங்க சென்னையில கேட்கிற தொகையில இது கால்வாசிகூட வராது.

*

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்று ஒரு ஊர். துப்பாக்கிக்கும் மோட்டாருக்கும் முன்னாடி அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது தையல் ஊசி. ஊசி செஞ்ச ஒரு கம்பெனி சைக்கிள் பாகங்களுக்கு மாறி, அப்புறம் என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு நுணுக்கமான பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பில்தான் 1893ல் தன் சைக்கிள்களுக்கு 'ராயல் என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தது. 1901ல் முதல் மோட்டார் சைக்கிள். 1932ல் 'புல்லட்' என்ற பெயர். நமக்குத் தெரிஞ்ச புல்லட் 1949ல விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துல பல வண்டிகளுக்குப் பின்சக்கரத்துல சஸ்பென்ஷனே கிடையாது, சீட்டுக்கு அடியில ஸ்பிரிங் மட்டும்தான். புல்லட்ல பின்னாடி ஸ்விங் ஆர்ம், ரெண்டு ஷாக் அப்சார்பர். நம்ம ரோடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு சொல்லத் தேவையில்லை.

அதே 1949ல கே.ஆர். சுந்தரம் ஐயர் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார்ஸ், பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களை இறக்குமதி செய்து விற்றது. 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் நூற்றுக்கணக்கில் புல்லட் வாங்க ஆரம்பித்தது. இந்த இடத்துல அரசாங்கத்தோட கொள்கை ஒண்ணையும் சேர்த்துப் பார்க்கணும். பாகங்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்து இங்கே பூட்டி விற்பது மட்டும் போதாது, இங்கேயே தயாரிக்கும் திட்டம் இருந்தால்தான் இடம் என்று 1953ல் கார் கம்பெனிகளுக்கு அரசு சொல்லிவிட்டது. 1954ல் ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு எல்லாருக்கும் புரிஞ்சது.

1955ல் ரெட்டிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் இங்கிலாந்தில் இருந்து பெட்டியில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1957ல் பாகங்கள் செய்வதற்கான கருவிகளும் அச்சுகளும் வந்தன. 1962 வாக்கில் எல்லாப் பாகமும் இங்கேயே தயாரானது.

வடசென்னையை இந்தக் கோணத்துல பார்த்திருக்கீங்களா? திருவொற்றியூர்ல புல்லட். பக்கத்துல எண்ணூர்ல லேலண்ட். அதே திருவொற்றியூர்ல 1946ல பலூன் செய்ய ஆரம்பிச்ச கம்பெனிதான் பின்னாடி டயருக்கு மாறின எம்.ஆர்.எஃப். 1961ல பாடியில லூகாஸ் டி.வி.எஸ்., வண்டிகளுக்கான எலக்ட்ரிக்கல் சாமான். அந்தப் பத்துப் பதினஞ்சு வருஷத்துல மெட்ராஸ் வண்டி செய்யக் கத்துக்கிச்சு. ஐ.டி. வேலைக்கு ஓ.எம்.ஆர். பக்கமே போய் வர்ற நமக்கு அந்தத் திசையே மறந்து போச்சு.

இப்போ வேடிக்கையான பகுதி. மகன் தொழில் கத்துக்கிட்ட நேரத்துல அப்பா படுத்துட்டார். 1960களின் தொடக்கத்திலேயே ரெட்டிச்சில் அந்தப் பழைய புல்லட்டைக் கைவிட்டுவிட்டார்கள். 1967ல் ரெட்டிச் தொழிற்சாலையே மூடப்பட்டது. 1970ல் இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு முழுசாக நின்றது. ஆக, 1974ல எங்க வண்டி திருவொற்றியூர்ல பிறக்கும்போது அதோட தாய்க் கம்பெனியே உலகத்துல இல்லை. புது டிசைன் வேணும்னா கேட்க ஆளில்லை.

வேற கம்பெனிகிட்ட வாங்கியிருக்கலாமேன்னு கேட்கலாம். அங்கதான் லைசன்ஸ் ராஜ்ஜியம் குறுக்க வருது. 1951ம் வருஷத்துத் தொழில் சட்டப்படி, புதுசா ஒரு பொருள் செய்யணும்னாலும், இருக்கிற உற்பத்தியைக் கூட்டணும்னாலும் டெல்லியில அனுமதி வேணும். வெளிநாட்டுத் தொழில்நுட்பம் வாங்க அந்நியச் செலாவணி வேணும், அதுக்கும் அனுமதி. இவ்வளவு கஷ்டப்பட்டு மாத்த வேண்டிய தேவையும் கம்பெனிக்கு இல்லை. ராணுவமும் போலீஸும் நிலையான வாடிக்கையாளர்கள். ஆயிரக்கணக்குல ஒரே மாதிரி வண்டி வச்சிருக்கிற ராணுவத்துக்கு, போன வருஷ வண்டியோட பிஸ்டன் இந்த வருஷ வண்டிக்கும் பொருந்தணும். மக்கள் பக்கம் பார்த்தா, ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக் கணக்குல காத்திருந்த காலம். எதைச் செஞ்சாலும் விக்கும்.

விளைவு, 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி, தனி கியர்பாக்ஸ், புஷ்ராடு வால்வு. இந்த எலும்புக்கூடு ஐம்பது வருஷத்துக்கு மேல அப்படியே இருந்துச்சு. 1970களின் நடுவில் அமெரிக்கா, கியர் இடது காலில்தான் இருக்கணும்னு விதி கொண்டுவந்து, உலகமே மாறியது. உள்ளூர் புல்லட்டோ 2000க்கு அப்புறமும் வலது கால் கியர், இடது கால் பிரேக். ஃபர்ஸ்ட் கியர் மேல, மத்த மூணும் கீழ. (சென்னையில என் வண்டியையும் ஊர்ல இதையும் மாத்தி மாத்தி ஓட்டறப்ப ஒவ்வொரு சிக்னலுக்கு முன்னாடியும் ஒரு செகண்டு காலுக்குப் பாடம் எடுக்க வேண்டியிருக்கு.)

லைசன்ஸ் ராஜ்ஜியத்துக்கு நான் வக்காலத்து வாங்கலை. தாத்தா தலைமுறைக்கு அதோட பலன் என்னன்னா, எண்ணெய் ஒழுகற இஞ்சின், மின்மினி மாதிரி 6 வோல்ட் ஹெட்லைட், வேண்டிக்கிட்டுப் பிடிக்க வேண்டிய டிரம் பிரேக். வேற வண்டி வாங்கலாம்னா ஜாவா, ராஜ்தூத், முடிஞ்சது. 1983ல இருந்து 86க்குள்ள யமஹா, ஹோண்டா, சுசுகி, கவாஸாகி எல்லாம் கூட்டு முயற்சியா உள்ள வந்ததும் ஜனங்க எந்தப் பக்கம் ஓடினாங்கன்னு நமக்குத் தெரியும். புல்லட் விக்காம, 1990ல் ஐஷர் குழுமம் உள்ளே வந்து, 1994ல் பெயர் மறுபடி 'ராயல் என்ஃபீல்டு' ஆகி, 2000ல் மோட்டார் சைக்கிள் பிரிவை வித்துடலாமா, மூடிடலாமா என்ற பேச்சு வரைக்கும் போனது. மாறாம இருந்ததுக்குக் கம்பெனி கொடுத்த விலை அது.

ஆனா அதே கம்பெனியோட இன்னொரு கதையைப் பக்கத்துல வச்சுப் பாருங்க. 1980களில் என்ஃபீல்டு இந்தியா சும்மா இல்லை. ஜெர்மனியின் ஸுண்டாப் கம்பெனியிடம் தொழில்நுட்பம் வாங்கி, சின்ன வண்டிகள் கொண்டுவந்தது. எக்ஸ்ப்ளோரர், சில்வர் பிளஸ், அப்புறம் ஃப்யூரி 175. ஃப்யூரியில் 5 கியர், முன்னால் டிஸ்க் பிரேக். நம்ம ஊர்ல மத்தவங்க டிஸ்க் பிரேக்கைப் பத்தி யோசிக்காத காலம்! ஸுண்டாப் 1984ல் திவாலாச்சு. ஃப்யூரியும் கொஞ்ச நாள்ல காணாமப் போச்சு. இன்னிக்கு யார் வீட்லயாவது தாத்தாவோட ஃப்யூரி இருந்தா, அதுக்கு ஒரு பிஸ்டன் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. எண்பதுகளோட ராஜ்தூத் 350 வச்சிருக்கிறவங்களும் இதே பாட்டுத்தான் பாடுவாங்க. உதிரிப் பாகம் கிடைச்சா யானை விலை.

புல்லட்டுக்கு அப்படி இல்லை. 1960கள்ல இருந்து, மாசுக் கட்டுப்பாட்டு விதி இறுகி 2010 வாக்குல கடைசி காஸ்ட் அயர்ன் இஞ்சின் நிக்கிற வரைக்கும், முக்கியமான பாகங்கள் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும். அத்தனை வண்டி ரோட்டுல இருந்தா, டெல்லி கரோல்பாக்ல இருந்து சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு வரைக்கும் அதை நம்பிக் கடை வைக்கலாம். நம்ம ஊர் பட்டறைக்காரர் வால்வு கைடு கடையலாம். 1977ல் திருவொற்றியூரில் இருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியாக ஆரம்பித்தது. 1950கள்ல ரெட்டிச்சில் பிறந்த ஒரிஜினல் புல்லட்டை வச்சிருக்கிற வெள்ளைக்காரர்களே இப்ப நம்ம ஊர் பாகங்களை வாங்கித்தான் அதை ஓட்டறாங்க. ஊசி ஊருக்கு உதிரிப் பாகம் அனுப்பறோம்!

*

இப்ப கிரீஸ்.

மெக்கானிக்கைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு யாரும் நான் கேட்டதில்லை, எல்லாருக்கும் அவர் 'பாய்'தான். அறுபது வயசு தாண்டியாச்சு. ராணுவ ஏலத்துல வந்த புல்லட்டுகளைப் பிரிச்சுப் பூட்டிப் பிழைச்ச ஒரு உஸ்தாத்கிட்ட பன்னெண்டு வயசுல சேர்ந்தவர். என் வண்டியை டாட்டா ஏஸ்ல இருந்து இறக்கினதும் சுத்தி வந்து பார்த்துட்டுச் சொன்னார்:

"தம்பி, பெயிண்டு, குரோமியம்னு பேச்செடுத்தீங்கன்னா இப்பவே திருப்பி ஏத்திக்கிட்டுப் போயிடுங்க. முதல்ல ஓடட்டும். அப்புறம் மினுக்கிக்கலாம்."

"சரிங்க பாய். என்கிட்ட 35,000தான் இருக்கு."

"கிராங்கு நல்லா இருந்தா முடிச்சிடலாம். இல்லைன்னா நான் பொய் சொல்ல மாட்டேன்."

அந்த 'கிராங்கு நல்லா இருந்தா'தான் மொத்தப் பட்ஜெட்டையும் தொங்கல்ல விட்டது. பிஸ்டன் துருப்பிடிச்சு சிலிண்டரோட ஒட்டியிருந்துச்சு. பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டை வழியா டீசல் ஊத்தி நாலு நாள் விட்டோம். ஐந்தாம் நாள் பின்சக்கரத்தைப் பிடிச்சு, டாப் கியர்ல போட்டு முன்னும் பின்னும் ஆட்டினதுல 'மொடக்'னு விட்டுது. ஹெட்டையும் சிலிண்டரையும் கழட்டினதும், பாய் கனெக்டிங் ராடை ரெண்டு கையால பிடிச்சு மேலயும் கீழயும் இழுத்துப் பார்த்தார். பக்கவாட்டுல அசையலாம், மேல கீழ அசையவே கூடாது. நான் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அசையலை. அது அசைஞ்சிருந்தா இஞ்சினை ரெண்டாப் பிளந்து, கிராங்கைப் பிரஸ்ல வச்சுப் பிரிச்சு, பிக் எண்ட் புஷ் மாத்தி, மறுபடி அலைன் பண்ணணும். இன்னொரு பத்தாயிரம் போயிருக்கும், வண்டியும் இரும்புக்கடைக்குப் போயிருக்கும்.

துரு ஏறின சிலிண்டரை போரிங் போட வேண்டியிருந்தது. போட்டவர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல ரிட்டயர் ஆனவர், வீட்டுப் பின்னாடியே பட்டறை. திருச்சிக்கு இது ஒரு கொடுப்பினை. பொன்மலை ஒரு பக்கம், துவாக்குடி பக்கம் பி.எச்.இ.எல்.லை நம்பி வந்த சின்னச் சின்னப் பட்டறைகள் இன்னொரு பக்கம். தௌ கணக்குல இரும்பைச் செதுக்கத் தெரிஞ்சவங்க தெருவுக்கு ஒருத்தர். ரீபோர், பிஸ்டன் செட் சேர்த்து 4,200 ரூபாய். வால்வு வேலை 2,300.

இங்க புல்லட்டோட சரித்திரத்தை நட்டுலயே படிக்கலாம். பிரிட்டிஷ்காரன் அங்குலக் கணக்குல போட்ட டிசைன். இந்தியா 1950களின் கடைசியில் மெட்ரிக்குக்கு மாற ஆரம்பித்தது. கம்பெனி ஒரே நாள்ல எல்லாத்தையும் மாத்தலை. அதனால ஒரே வண்டியில சில நட்டு அங்குல ஸ்பேனருக்கு, சில நட்டு மில்லிமீட்டர் ஸ்பேனருக்கு. பாய் கைக்கு எது எங்கன்னு மனப்பாடம். நான் ஒவ்வொண்ணையும் ரெண்டு ஸ்பேனர் வச்சுப் பார்க்கணும்.

பட்ஜெட்டுக்காக எடுத்த முடிவுகள்ல சிலது எனக்கே பிடிச்சுப் போச்சு. 12 வோல்ட்டுக்கு மாத்தலை. 6 வோல்ட் பேட்டரியே புதுசா போட்டோம். எலக்ட்ரானிக் இக்னிஷன் பக்கம் போகலை. பாயிண்ட் செட்டும் கண்டென்சரும் மொத்தமே சில நூறு ரூபாய், ரோட்டோரத்துல உப்புத்தாள் வச்சுத் தேய்ச்சே சரி பண்ணிக்கலாம். பிரேக் ஷூ புதுசு வாங்காம பழைய ஷூவுக்கே லைனிங் ஒட்ட வச்சோம். கார்ப்பரேட்டர் மட்டும் உள்ள தேய்ஞ்சு போயிருந்ததால மாத்தினோம். டயர் விஷயத்துல கஞ்சத்தனமே கூடாதுன்னு பாய் கண்டிஷன். 3.25 - 19 சைஸ் ரெண்டும் டியூபோட 6,400. பெரிய செலவே அதுதான்.

சாப்ட்வேர்காரனுக்கு ரொம்பப் பிடிச்சது அம்மீட்டர். ஹெட்லைட் தொப்பியில, ஸ்பீடாமீட்டர் பக்கத்துல சின்னதா ஒரு மீட்டர் இருக்குமே, அதுதான். பேட்டரிக்குக் கரண்ட் ஏறுதா இறங்குதான்னு காட்டறதுக்கு வச்சது. ஆனா புல்லட்காரங்க அதை இஞ்சினுக்குள்ள எட்டிப் பார்க்கிற ஜன்னலா வச்சிருக்காங்க. சாவி போட்டுக் கிக்கரை மெதுவா அழுத்தினா, பாயிண்ட் மூடியிருக்கும்போது காயில் கரண்ட் எடுக்கும், முள் மைனஸ் பக்கம் சாயும். பாயிண்ட் திறந்ததும் நடுவுக்கு வந்துடும். அந்த இடத்துல டீகம்ப்ரஸர் லிவரைப் பிடிச்சுக்கிட்டு பிஸ்டனை ஒரு இழை தாண்ட விட்டு, லிவரை விட்டுட்டு முழுசா ஒரு உதை. பிஸ்டன் எங்க இருக்குன்னு தெரியாம உதைச்சா கிக்கர் திருப்பி உதைக்கும், முட்டி போயிடும். டைமிங் வைக்கிறதுக்கும் அதே முள்தான். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்னாடி இருக்கும்போது முள் நடுவுக்குத் துள்ளணும். துள்ளலைன்னா பாயிண்ட் பிளேட்டைத் திருப்பணும். லாக் ஃபைல் பார்த்து டீபக் பண்றதுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசமே தெரியலை. இது என்ன, ஒரே ஒரு முள்ளு உள்ள லாக் ஃபைல்.

போகிக்கு ரெண்டு நாள் முன்னாடி, நாலாவது உதையில பத்திக்கிச்சு. முதல்ல ரெண்டு வெடி, ஒரு குப்பைப் புகை, அப்புறம் அந்த நிதானமான சத்தம். பாய் ஆக்ஸிலரேட்டர் பக்கமே போகலை. ராக்கருக்குப் போற ஆயில் குழாயோட போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, எண்ணெய் கசியுதான்னு பார்த்தார். மேல வரைக்கும் எண்ணெய் ஏறுதுன்னு உறுதியானதும்தான் சிரிச்சார். மொத்தக் கணக்கு, பாய் கூலி 6,000ஐயும் சேர்த்து, 33,000.

*

இஞ்சின் ஓடறது ஒரு பக்கம், காகிதம் ஓடறது இன்னொரு பக்கம். இதே நிலைமையில இருக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் சொல்லிடறேன்.

உரிமையாளர் இறந்துட்டா பெயர் மாத்தறதுக்கு ஃபார்ம் 31. கூடவே இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மத்த வாரிசுகளோட ஆட்சேபணை இல்லைங்கிற கடிதம். எங்க வீட்ல அப்பா, சித்தப்பா, அத்தை, அப்பாயின்னு நாலு கையெழுத்து. ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷத்துக்கு அப்புறம் ஐந்தைந்து வருஷமா புதுப்பிக்கணும், அதுக்கு ஃபார்ம் 25. இந்தக் கட்டணம் பைக்குக்கு 300 ரூபாயா இருந்தது 2022 ஏப்ரல்ல 1,000 ஆச்சு. 20 வருஷம் தாண்டின பைக்குக்கு 2025 ஆகஸ்ட்ல 2,000 ஆச்சு. விட்டுப்போன காலத்துக்குத் தாமதக் கட்டணம், பசுமை வரி எல்லாம் தனி. இந்தச் செலவை அப்பா ஏத்துக்கிட்டார்.

2021ல வந்த விதிப்படி 50 வருஷம் தாண்டின வண்டியை 'விண்டேஜ்'னு பதிவு பண்ணலாம். எங்க வண்டியும் தகுதிதான். ஆனா அப்படிப் பண்ணினா தினசரி ரோட்டுல ஓட்ட முடியாது, கண்காட்சி, ஊர்வலம் மாதிரி விஷயத்துக்குத்தான். கண்ணாடிப் பெட்டியில வைக்கிறதுக்கா இவ்வளவு பாடு? சாதாரணப் பதிவே போதும்னு விட்டுட்டோம். சேசிஸ் நம்பரும் இஞ்சின் நம்பரும் ஆர்.சி.யோட அப்படியே ஒத்துப்போனது பெரிய நிம்மதி. இதுக்காகவே, இஞ்சினைப் பிளக்காம முடிச்சதுக்கு இன்னொரு தடவை சந்தோஷப்பட்டேன். செகண்ட்ஹேண்ட் கேஸ் மாத்தியிருந்தா நம்பர் போயிருக்கும்.

பெட்ரோல் இன்னொரு தலைவலி. இப்ப பங்க்ல வர்றதுல 20 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் ஹோஸ், வாஷர் எல்லாம் அதுல ஊறி உப்பிடும். எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தையும் இழுக்கும், டேங்குக்குள்ள துரு. அதனால எத்தனால் தாங்கற ஹோஸ் போட்டு, ரெண்டு வாரத்துக்கு மேல நிக்கப் போகுதுன்னா கார்ப்பரேட்டரைக் காலி பண்ணிடறோம்.

வண்டி இப்ப 55 - 60 வேகத்துல சுகமா போகுது, அதுக்கு மேல நான் கேட்கிறதும் இல்லை. பெயிண்ட் அதே வெளிறின கறுப்பு. டேங்க்ல தாத்தாவோட சாவிக்கொத்து உரசின கோடு அப்படியே இருக்கு. பிரைமரி செயின் கவர் கீழ மட்டும் எண்ணெய் சொட்டு நிக்கலை. அவ்வளவு பெரிய மூடியை நடுவுல ஒரே ஒரு நட்டு போட்டு இறுக்கற டிசைன் அது. பாய்கிட்ட கேட்டா, "சொட்டலைன்னாதான் தம்பி பயப்படணும், உள்ள எண்ணெய் இல்லைன்னு அர்த்தம்"ங்கறார்.

கொட்டகை இருந்த இடத்துல ரூம் ஏறிடுச்சு. வண்டி இப்ப வாசல் திண்ணைக்குப் பக்கத்துல, கீழ ஒரு பழைய அட்டைப் பெட்டியோட நிக்குது. நான் மாசத்துக்கு ஒரு தடவைதான் ஊருக்குப் போறேன். வாரத்துக்கு ரெண்டு நாள் அதை மண்டிக்கு எடுத்துக்கிட்டுப் போறது சித்தப்பா. பெட்ரோல் காசு மட்டும் என் கணக்குன்னு சொல்லிட்டார்.